சான்றிலிருந்து சிகிச்சைக்கு: ஆய்வு முடிவுகளைத் தொகுத்து நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

மாரடைப்பு வந்தவருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உயிரைக் காக்குமா என்று 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடந்தன. 1992இல் ஓர் ஆய்வுக் குழு அவற்றைக் கால வரிசையில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தது. எட்டுச் சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்திருந்த 1973லேயே விடை தெளிவாகிவிட்டிருந்தது. அடுத்த 25 சோதனைகளில் மேலும் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடை ஏறக்குறைய மாறவே இல்லை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதன் ஆபத்தும் இப்படித்தான். 1970லேயே அன்றிருந்த ஆய்வுகளை முறையாகத் தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட சிசு மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்று 2005இல் வெளியான மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுப்பது) மதிப்பிட்டது.

இரண்டு இடத்திலும் தரவு இருந்தது, தொகுத்தவர் இல்லை. தொகுத்தபின் அது வார்டுக்குப் போய்ச் சேராமல் நிற்பது வேறொரு நோய். இந்த வழிகாட்டி இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் வேறுவேறு ஆட்கள் வேறுவேறு காலத்தில் செய்வதால்தான் நடுவில் பாதி விஷயம் தொலைகிறது என்பது எங்கள் கணிப்பு.

## 1. எடுக்கப்போகும் முடிவை முதலில் எழுதுங்கள்

கட்டுரைகளைத் தேட உட்காருவதற்கு முன் ஒரு பக்கம் எழுதவும். யார் முடிவெடுக்கப்போகிறார்? அவர் முன் இருக்கும் தெரிவுகள் என்னென்ன? எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும்? எந்த அளவு பலன் தெரிந்தால் அவர் இப்போதைய வழக்கத்தை மாற்றுவார்? இந்த நான்காவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் மீளாய்வைத் தொடங்காதீர்கள். எந்த முடிவு வந்தாலும் எதுவும் மாறாது என்றால் மாதக்கணக்கான உழைப்பு அலமாரிக்குத்தான் போகும்.

அதன்பிறகு கேள்வியை நான்கு கூறாக உடைக்கவும். மருத்துவ உலகில் இதைப் பிக்கோ என்பார்கள்: நோயாளிகள் யார், தலையீடு என்ன, எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவுகளை அளக்கிறோம். "குறைமாதப் பிரசவத்தில் ஸ்டீராய்டு பயன்படுமா?" என்பது பேச்சுக்குச் சரி, தேடலுக்கு உதவாது. "மருத்துவமனையில், 26 முதல் 34 வாரத்துக்குள் பிரசவமாகக்கூடும் என்று கருதப்படும் கர்ப்பிணிக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவது, போடாமல் இருப்பதோடு ஒப்பிட, பச்சிளங்குழந்தை மரணத்தையும் தாய்க்கு வரும் தொற்றையும் எவ்வளவு மாற்றும்?" என்று எழுதினால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது தானே தெரிந்துவிடும். "மருத்துவமனையில்" என்ற சொல் அங்கே சும்மா நிற்கவில்லை. ஒன்பதாம் படியில் அதன் எடை புரியும்.

விளைவுகளைப் பட்டியலிட்டு, குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக 1 முதல் 9 வரை மதிப்பெண் போடட்டும். 7 முதல் 9 பெற்றவை முடிவைத் தீர்மானிப்பவை, 4 முதல் 6 முக்கியமானவை, அதற்குக் கீழே உள்ளவை வேண்டாம். இறுதி அட்டவணையில் ஏழுக்கு மேல் போகாதீர்கள். அந்த ஏழில் தீங்கு விளைவுகளும் இருந்தாக வேண்டும். நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மதிப்பெண் போடும்போது வரிசை மாறுவதை அடிக்கடி காணலாம்: மருத்துவர் ஆய்வகக் குறியீட்டை மேலே வைப்பார், நோயாளி வலியையும் வேலைக்குத் திரும்பும் நாளையும் மேலே வைப்பார்.

பதிலி விளைவுகளிடம், அதாவது உண்மையில் அறிய விரும்பும் விளைவுக்குப் பதிலாக அளக்கும் குறியீடுகளிடம், கவனம் தேவை. மாரடைப்புக்குப் பின் வரும் ஒழுங்கற்ற துடிப்புகளை என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற மருந்துகள் நன்றாக அடக்கின. துடிப்பு சீரானால் சாவும் குறையும் என்று நம்பி அவற்றைப் பரவலாகக் கொடுத்தார்கள். 1989இல் காஸ்ட் என்ற சோதனையின் முதல் முடிவு வந்தபோது, அவற்றை எடுத்துக்கொண்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

## 2. யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா?

காக்ரேன் நூலகத்தையும் எபிஸ்டெமோனிகோஸ் தரவுத்தளத்தையும் பார்த்தால் முடிந்த மீளாய்வுகள் தெரியும். நடந்துகொண்டிருப்பவை ப்ராஸ்பெரோ பதிவேட்டில் இருக்கும். கிடைத்ததை ஆம்ஸ்டார்-2 என்ற 16 கேள்விப் பட்டியலால் சோதிக்கவும். எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை கிடையாது. முன்கூட்டியே நெறிமுறை (மீளாய்வின் எழுத்துத் திட்டம்) பதிவானதா, தேடல் போதுமானதா, ஒதுக்கிய ஆய்வுகளுக்குக் காரணம் சொன்னார்களா, சார்பை (முடிவை ஒரு பக்கம் சாய்க்கும் குறைகளை) மதிப்பிட்டு அதை முடிவிலும் கணக்கில் கொண்டார்களா என்பவற்றில் ஓட்டை இருந்தால் மற்றதில் முழு மதிப்பெண் வாங்கியும் பயனில்லை.

நல்ல மீளாய்வு இருந்து தேடல் மட்டும் பழையதாக இருந்தால், அந்தத் தேதியிலிருந்து இன்றுவரை தேடிச் சேர்த்தால் போதும். புதிதாகத் தொடங்கினால் முழு மீளாய்வுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் விரைவு மீளாய்வு செய்யலாம். அதில் எந்தப் படியைச் சுருக்கினீர்கள் (ஒருவரே தெரிவு செய்தாரா, இரண்டு தரவுத்தளம் மட்டுமா) என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

## 3. நெறிமுறை

தரவைப் பார்ப்பதற்கு முன்பே தெரிவு விதிகள், விளைவுகள், உட்குழுப் பகுப்பாய்வுகள், புள்ளியியல் முறை ஆகியவற்றை எழுதி ப்ராஸ்பெரோவில் பதியவும். காரணம் எளிது: முடிவைப் பார்த்தபின் விதி எழுதினால் விதி முடிவின் பக்கம் சாயும், நேர்மையானவருக்கும் சாயும். பின்னால் ஏதாவது மாற்ற வேண்டிவந்தால் மாற்றலாம்; தேதியும் காரணமும் குறித்தால் போதும்.

குழுவில் குறைந்தது நால்வர் வேண்டும்: துறை மருத்துவர், தேடல் தெரிந்த மருத்துவ நூலகர், புள்ளியியலாளர், அந்த வேலையை அன்றாடம் செய்யும் செவிலியர் அல்லது மருந்தாளுநர். நான்காமவரைக் கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடுவது பரவலான வழக்கம், பெரிய தவறும்கூட.

## 4. தேடல்

மெட்லைன், எம்பேஸ், காக்ரேனின் சென்ட்ரல் ஆகிய மூன்று தரவுத்தளங்களும் அடிப்படை. துறைக்கேற்பச் செவிலியத்துக்கு சினால், உளநலத்துக்கு சைக்கின்ஃபோ போன்றவற்றைச் சேர்க்கவும்.

தேடல் வரியைக் கட்டும் முறை: ஒவ்வொரு கருத்துக்கும் தரவுத்தளத்தின் பொருட்தலைப்புகளையும் (மெட்லைனில் மெஷ்) ஆசிரியர்கள் இயல்பாக எழுதும் சொற்களையும் திரட்டி 'ஆர்' போட்டு இணைக்க வேண்டும். பிறகு கருத்துகளை 'அண்ட்' போட்டு இணைக்க வேண்டும். நோயாளி, தலையீடு, ஆய்வு வகை என்று மூன்று கருத்து போதும். விளைவுச் சொற்களைத் தேடல் வரியில் சேர்க்காதீர்கள். பல கட்டுரைகளின் சுருக்கத்தில் எல்லா விளைவும் எழுதப்பட்டிருக்காது, குறிப்பாகத் தீங்குகள். 'நாட்' குறியையும் தவிர்க்கவும். விலங்கு ஆய்வுகளை நீக்கலாம் என்று போட்டால், மனிதரையும் விலங்கையும் சேர்த்துப் பேசும் கட்டுரையும் கூடவே போய்விடும்.

வரி சரியா என்று சோதிக்க ஒரு வழி: தலைப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஐந்து முதல் பத்துக் கட்டுரைகளை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். தேடலில் அவற்றில் ஒன்று அகப்படாவிட்டாலும், அது எந்த இடத்தில் நழுவியது என்று பார்த்து வரியைத் திருத்துங்கள். அதன்பின் இன்னொரு நூலகர் வரியைச் சரிபார்க்கட்டும். எழுத்துப்பிழை, அடைப்புக்குறி மாறியது, 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் 'அண்ட்' இருப்பது — இவை மூன்றும் எழுதியவர் கண்ணில் படுவதில்லை.

இதழ்களில் வந்தது மட்டும் போதாது. ரெபாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை 2010இல் ஆராய்ந்தபோது, சோதனைகளில் பங்கேற்ற நோயாளிகளில் 74 சதவீதத்தினரின் தரவு வெளியிடப்படாமலே கிடந்தது தெரியவந்தது. அதையும் சேர்த்ததும், வெறும் மாத்திரையைவிட அது மேலானதல்ல என்று ஆனது. ஆகவே கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ், உலக சுகாதார நிறுவனத்தின் பதிவேட்டுத் தளம், மருந்து ஒழுங்குமுறை அமைப்புகளின் மதிப்பீட்டு அறிக்கைகள் மூன்றையும் தேடுங்கள். முடிந்து நாளாகியும் முடிவு வெளிவராத சோதனை இருந்தால் ஆய்வாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்தச் சோதனையை அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தேடிய தேதி, முழு வரி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றே சேமிக்கவும். மீளாய்வு அறிக்கை எழுதுவதற்கான பிரிஸ்மா 2020இன் 27 அம்சப் பட்டியலும் ஓட்ட வரைபடமும் இவற்றைக் கேட்கும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எண்கள் கூடிவராது.

## 5. தெரிவும் தரவெடுப்பும்

ஒரு தலைப்பையும் சுருக்கத்தையும் படிக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் என்று வைத்தால், 4,000 பதிவுகளுக்கு ஒருவருக்கு 33 முதல் 67 மணி நேரம் ஆகும். இதை இருவர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ரய்யான், கோவிடென்ஸ் போன்ற மென்பொருள்கள் ஒருவர் தெரிவை மற்றவருக்குக் காட்டாமல் வைக்கும். முதலில் 50 முதல் 100 பதிவுகளை மட்டும் இருவரும் பார்த்து, எங்கே முரண்பட்டோம் என்று பேசி, விதியின் வாசகத்தைத் திருத்திவிட்டு முழு வேலைக்குப் போகவும். முரண்பாடு நிறைய வந்தால் குறை பெரும்பாலும் விதியில்தான் இருக்கும். சுருக்கத்தில் சந்தேகம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டுரையில் தீர்த்துக்கொள்ளலாம். அந்த நிலையில் ஒதுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதவும்.

எண்ண வேண்டிய அலகு ஆய்வு. கட்டுரையை எண்ணக் கூடாது. ஒரே சோதனையிலிருந்து நான்கு கட்டுரைகள் வருவது சாதாரணம். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்து பற்றிய சோதனைகளில், ஒரே நோயாளிகளின் தரவு பல இடங்களில் வெளியாகியிருந்ததை 1997இல் கண்டுபிடித்தார்கள். அந்த இரட்டிப்பைக் கவனிக்காமல் கூட்டினால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. சோதனைப் பதிவெண், நடந்த இடம், சேர்ப்புக் காலம், நோயாளி எண்ணிக்கை நான்கையும் ஒப்பிட்டால் இரட்டைகள் பிடிபடும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உள்ளே இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

தரவெடுப்பில்தான் மீளாய்வுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகின்றன. அடிக்கடி நடக்கும் நான்கு பிழைகள்:

திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) திட்ட விலக்கமாக (நோயாளிகளிடையே உள்ள பரவலின் அளவு) எழுதிவிடுவது. திட்ட விலக்கம் என்பது திட்டப் பிழையை நோயாளி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. 64 பேர் கொண்ட குழுவில் திட்டப் பிழை 1.2 என்றால் திட்ட விலக்கம் 9.6. 1.2ஐ அப்படியே விலக்கத்தின் கட்டத்தில் போட்டால், அந்த ஆய்வின் எடை 64 மடங்கு ஊதிப்போகும். ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் ஒரு கோடாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டில் ஒரே ஓர் ஆய்வின் கோடு மட்டும் விநோதமாகக் குட்டையாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கவும். 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) மட்டும் கொடுத்திருந்தால், மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, 3.92ஆல் வகுத்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கவும். குழு சிறியதாக, ஏறத்தாழ 60க்குக் கீழே இருந்தால் 3.92க்குப் பதில் டி-பரவலின் மதிப்பை எடுக்க வேண்டும்.

கொத்துச் சோதனையைத் தனிநபர் சோதனைபோல் கணக்கிடுவது. வார்டுகளையோ மருத்துவமனைகளையோ மொத்தமாகப் பிரித்துச் சோதித்திருந்தால், ஒரே வார்டில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். எண்ணிக்கையை, 1 + (கொத்தின் சராசரி அளவு − 1) × கொத்துக்குள் ஒப்புமைக் கெழு என்ற எண்ணால் வகுக்கவும். கொத்துக்கு 20 பேர், கெழு 0.05 என்றால் அந்த எண் 1.95. அதாவது 400 பேர் கொண்ட சோதனை, கணக்கில் சுமார் 205 பேருக்குச் சமம்.

அளவுகோலின் திசை. ஓர் ஆய்வில் மதிப்பெண் கூடினால் நலம், இன்னொன்றில் கூடினால் கேடு. திசையை மாற்றாமல் கூட்டினால் பலனும் தீங்கும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

ஒப்பீட்டுக் குழுவை இருமுறை எண்ணுவது. மூன்று குழுச் சோதனையில் இரண்டு மருந்துக் குழுக்களையும் ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு தனித்தனியே வைத்தால் இது நேரும். மருந்துக் குழுக்களைச் சேர்த்து ஒன்றாக்குவது சுலபமான தீர்வு.

படிவத்தை இரண்டு மூன்று ஆய்வுகளில் ஓட்டிப் பார்த்துத் திருத்திவிட்டு, இருவர் தனித்தனியாகத் தரவெடுக்கவும். ஆள் இல்லையென்றால், விளைவு எண்களையாவது இருமுறை எடுக்க வேண்டும்.

## 6. சார்பை மதிப்பிடுதல்

சமவாய்ப்புச் சோதனைகளுக்கு (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல் முடிவுசெய்பவை) ராப்-2 கருவி ஐந்து களங்களைக் கேட்கிறது: சமவாய்ப்பாகப் பிரித்த விதம், திட்டமிட்ட சிகிச்சையிலிருந்து விலகல், விடுபட்ட தரவு, விளைவை அளந்த விதம், வெளியிட்ட முடிவைத் தேர்ந்த விதம். சமவாய்ப்பு இல்லாத ஆய்வுகளுக்கு ராபின்ஸ்-ஐ இருக்கிறது. மதிப்பீடு விளைவுவாரியாக நடக்க வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு சோதனையில் மரணக் கணக்கை நம்பலாம். நோயாளி தானே சொன்ன வலி மதிப்பெண்ணை அந்த அளவு நம்ப முடியாது. களங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். பிரிப்பில் நடந்த மோசடியை மற்ற நான்கு களங்களின் நேர்த்தி ஈடுகட்டாது.

## 7. கூட்டலாமா, கூடாதா?

"பத்தில் ஆறு ஆய்வுகள் பலன் காட்டின, நான்கு காட்டவில்லை" என்று வாக்கு எண்ணுவது கூடாது. சிறிய ஆய்வுகள் பல, உண்மையான பலன் இருந்தும் அதைப் புள்ளியியல் முறையில் காட்ட முடியாமல் போயிருக்கலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸின் பெரும்பாலான சோதனைகள் தனியே பார்த்தால் அப்படித்தான் இருந்தன.

நோயாளிகளும் தலையீடும் விளைவும் மருத்துவரீதியாக ஒன்றுபடுமா என்பதே முதல் கேள்வி. புள்ளியியல் அதற்குப் பிறகு. ஆய்வுகள் ஓரளவு வேறுபடும் என்று எதிர்பார்த்தால் உண்மைப் பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் சமவாய்ப்பு விளைவு மாதிரியைத் தேர்ந்து, ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது நம்பக இடைவெளியைச் சீராக்கும் ஹார்ட்டங்-நாப் திருத்தத்தைச் சேர்க்கவும். ஐ-ஸ்கொயர் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மாதிரியைத் தேர்வது தலைகீழ் வழி. அந்த எண், காணப்படும் வேறுபாட்டில் தற்செயலுக்கு மேற்பட்டது எத்தனை சதவீதம் என்று மட்டுமே சொல்லும். வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லாது. நடைமுறைக்குப் பயன்படுவது முன்கணிப்பு இடைவெளி: அடுத்து ஒரு புதிய இடத்தில் இதைச் செய்தால் பலன் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்பதை அது காட்டும். கூட்டு முடிவைக் காட்டும் வைரக்குறி பலன் பக்கம் நிற்க, முன்கணிப்பு இடைவெளி தீங்கு பக்கமும் நீண்டிருந்தால், அதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டும்.

சிறு ஆய்வுகள் மட்டுமே சேர்ந்த மெட்டா பகுப்பாய்வை (பல ஆய்வுகளின் எண்களைக் கூட்டும் கணக்கை) அடக்கத்தோடு எழுதுங்கள். மாரடைப்பில் மெக்னீசியம் ஊசி சாவை வெகுவாகக் குறைக்கிறது என்று சிறு சோதனைகளின் தொகுப்பு சொன்னது. 1995இல் 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 சோதனையில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆய்வுகளின் பலனை அவற்றின் அளவுக்கு எதிரே வரையும் புனல் வரைபடம் இத்தகைய சாய்வைக் காட்டக்கூடும், ஆனால் பத்து ஆய்வுகளாவது இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

## 8. சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

ஒவ்வொரு விளைவுக்கும் சான்றின் உறுதியை கிரேட் முறையில் உயர், மிதமான, குறைந்த, மிகக் குறைந்த என்று தரப்படுத்தவும். சமவாய்ப்புச் சோதனைகள் உயர் தரத்தில் தொடங்கும். சார்பு, முடிவுகளில் ஒத்திசைவின்மை, நம் கேள்வியோடு நேரடியாகப் பொருந்தாமை, துல்லியக் குறைவு, வெளியீட்டுச் சாய்வு ஆகிய ஐந்து காரணங்களால் கீழிறங்கும். இறக்கும் ஒவ்வொரு படிக்கும் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதவும். "சார்பு உள்ளது" என்றால் போதாது. "எட்டில் ஐந்து ஆய்வுகளில் அளந்தவருக்குச் சிகிச்சை தெரியும்" என்று எழுதவும்.

அடுத்த கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "மரண ஆபத்து 22 சதவீதம் குறைகிறது" என்றால் வார்டில் யாருக்கும் எதுவும் புரியாது. ஆபத்து விகிதம் 0.78 என்று கொள்வோம். ஆயிரத்தில் 100 பேர் இறக்கும் இடத்தில் அது 78 ஆகும். 22 உயிர், அதாவது ஏறத்தாழ 45 பேருக்குச் சிகிச்சை தந்தால் ஓர் உயிர். ஆயிரத்தில் 20 பேர் இறக்கும் இடத்தில் 15.6 ஆகும், 4.4 உயிர், அதாவது 227 பேருக்கு ஓர் உயிர். அதே மருந்து, அதே விகிதம். பக்கவிளைவோ பெரும்பாலும் அடிப்படை ஆபத்தோடு சேர்ந்து குறையாது, இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். எனவே உங்கள் இடத்தின் அடிப்படை ஆபத்தை உங்கள் பதிவேட்டிலிருந்தே எடுங்கள். சோதனைகளின் ஒப்பீட்டுக் குழுவிலிருந்து கடன் வாங்காதீர்கள். நம்பக இடைவெளியின் இரு எல்லைகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்.

## 9. சான்று பரிந்துரையாகும் இடம்

மிகச் சரியான மீளாய்வும் இங்கே தடுக்கி விழும். கருப்பையில் இருக்கும் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்க, குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு போடுவது காக்ரேன் அமைப்பின் சின்னத்திலேயே இடம்பெற்ற சான்று. முதல் சோதனை 1972இல் வெளிவந்தது. வசதியுள்ள மருத்துவமனைகளில் அதன் பலனில் சந்தேகமே இல்லாமல் போனது. அதை எளிய சுகாதார நிலையங்கள்வரை விரிவாக்கினால் என்னவாகும் என்று ஆறு நாடுகளில் ஒரு பெரிய கொத்துச் சோதனை நடந்தது. 2015இல் முடிவு வந்தது. விரிவாக்கிய பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு 27.4 பச்சிளங்குழந்தைகள் இறந்தன, மற்ற பகுதிகளில் 23.9. சாவு கூடியிருந்தது. தாய்மாரிடையே தொற்றுச் சந்தேகமும் கூடியிருந்தது.

பிறகு 2020இல் ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் இன்னொரு சோதனை முடிந்தது. அங்கே கர்ப்ப வாரம் ஸ்கேன் மூலம் உறுதியானது, குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியும் இருந்தது. பச்சிளங்குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6ஆகக் குறைந்தது. மருந்து பழையதுதான், சூழல் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரையும், முன்சொன்ன கொத்துச் சோதனைக்குப் பின், நிபந்தனைகளோடுதான் வந்திருந்தது: கர்ப்ப வாரத்தைத் துல்லியமாகக் கணிக்க முடிய வேண்டும், தாய்க்குத் தொற்று அறிகுறி இருக்கக் கூடாது, பிரசவக் கவனிப்பும் குறைமாதக் குழந்தைக்கான கவனிப்பும் இருக்க வேண்டும்.

பரிந்துரை எழுதும்போது சோதனைகள் நடந்த இடத்தில் இருந்த, ஆனால் கட்டுரையில் ஓரமாகச் சொல்லப்பட்ட துணை வசதிகளைத் தேடிப் பட்டியலிடுங்கள்: ஸ்கேன், ஆக்சிஜன், இரவுப் பணியாளர், ஆய்வக முடிவு வரும் நேரம். பட்டியலில் உங்களிடம் இல்லாதது எது, அது இல்லாமல் பலன் நிற்குமா என்று கேளுங்கள். பிறகு பலன், தீங்கு, உறுதி, நோயாளிகளின் விருப்பம், செலவு, சமத்துவம், ஏற்பு, சாத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் குழுவின் தீர்ப்பை எழுதிவைக்கவும். மருந்து நிறுவனத்தோடு தொடர்புள்ள உறுப்பினர் விவாதத்தில் தகவல் சொல்லலாம், வாக்களிக்கக் கூடாது. ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும் என்றால் வலுவான பரிந்துரை. நோயாளிக்கு நோயாளி விடை மாறும் என்றால் நிபந்தனைப் பரிந்துரை, அங்கே மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். "கருத்தில் கொள்ளலாம்" என்ற வாக்கியம் இரண்டுமில்லை, அதை எழுதாதீர்கள்.

## 10. வார்டில் என்ன மாறும்?

பரிந்துரையை ஒரு செயலாக எழுதவும்: யார், என்ன, யாருக்கு, எங்கே, எப்போது. "வடிகுழாய்த் தொற்றைக் குறைக்க வேண்டும்" என்பது ஆசை. "காலைச் சுற்றில் பொறுப்புச் செவிலியர் ஒவ்வொரு மையச் சிரைக் குழாயும் இன்று தேவையா என்று மருத்துவரிடம் கேட்டு, விடையைப் பதிவேட்டில் எழுதுவார்" என்பது செயல்; நடந்ததா இல்லையா என்று மாலையில் எண்ணிவிடலாம்.

அடுத்து இப்போதைய நிலையை அளக்கவும். 30 முதல் 50 தொடர்ச்சியான நோயாளிக் கோப்புகள் போதும். சிலசமயம் வழக்கம் ஏற்கெனவே 90 சதவீதத்தில் இருப்பது தெரியும். உழைப்பை வேறிடத்துக்குத் திருப்பலாம்.

பிறகு தடையைக் கண்டறியுங்கள். வேலை செய்பவர்களிடம் நேரில் கேட்டும், ஒரு முழுப் பணிநேரம் உடனிருந்து பார்த்தும் அறிய வேண்டும். தடை மூன்று இடத்தில் இருக்கும்: அவருக்குத் தெரியவில்லை அல்லது செய்யத் திறமில்லை, செய்ய வாய்ப்பில்லை, செய்ய மனமில்லை. மருந்து இரவில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் பயிற்சி வகுப்பு எதையும் மாற்றாது. பயிற்சி வகுப்பே முதல் மருந்தாக எழுதப்படுவதற்கு ஒரே காரணம், அதை நடத்துவது சுலபம்.

ஒவ்வொரு உத்தியிடமும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. தணிக்கை செய்து முடிவைப் பணியாளருக்கே காட்டும் முறையை 140 ஆய்வுகளில் தொகுத்த 2012ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வில், சரியான நடைமுறை இடைநிலை மதிப்பாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணாக) 4.3 சதவீதப் புள்ளிகள் கூடியது. சில இடங்களில் 16க்கும் மேல், சில இடங்களில் ஒன்றுமேயில்லை. தொடக்க நிலை தாழ்வாக இருந்த இடத்திலும், சொல்பவர் மேலாளராகவோ சக பணியாளராகவோ இருந்தபோதும், ஒருமுறைக்கு மேல் சொன்னபோதும், வாய்மொழியாகவும் எழுத்தாகவும் தந்தபோதும், இலக்கும் செயல்திட்டமும் கூடவே இருந்தபோதும் பலன் அதிகம். அச்சிட்ட சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் கிடைப்பது மிகச் சொற்பம்.

வெற்றிபெற்ற திட்டங்களிலிருந்து காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அடுத்த பொறி. மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குழாய்வழி இரத்தத் தொற்றின் இடைநிலை மதிப்பு ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருப்பது ஒரு குழாய்-நாள்) 2.7லிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யமானது என்று 2006இல் வெளிவந்ததும், உலகமே சரிபார்ப்புப் பட்டியலைப் பேசியது. பட்டியலில் இருந்தவை ஐந்தே: கை கழுவுதல், முழுத் தடுப்பு உடை, குளோர்ஹெக்சிடின், முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். அதோடு எல்லாப் பொருளும் ஒரே வண்டியில் வைக்கப்பட்டன, படி தவறினால் நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது, தொற்று எண்ணிக்கை தவறாமல் குழுவுக்குத் திரும்பி வந்தது. அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் கதையும் இதுவே. எட்டு மருத்துவமனைகளில் நடந்த 2009 ஆய்வில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகக் குறைந்தது; கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் அது அமலானபின் 2014இல் வந்த ஆய்வில் 0.71லிருந்து 0.65, புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்க மாற்றமில்லை. பெட்டியில் குறிபோடுவதும் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் மூவரும் நின்று பேசுவதும் பதிவேட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

எனவே தலையீட்டின் உயிர்ப்பகுதி எது, இடத்துக்கேற்ப மாற்றலாகும் பகுதி எது என்று முன்கூட்டியே இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். படிவத்தின் வடிவமோ சுற்று நடக்கும் நேரமோ மாறலாம். நிறுத்தும் அதிகாரம் மாறக் கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழைய ஒன்றை எடுக்கவும் பாருங்கள். எடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் புதியதுதான் முதலில் உதிரும்.

ஒரே வார்டு, ஒரே பணிநேரம், ஐந்தாறு நோயாளிகள் என்று தொடங்கவும். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுற்றை வாரம் ஒருமுறை ஓட்டவும். அந்த வார்டில் படிவத்தின் வாசகம் இரண்டு சுற்றுகளாக மாறாமல் இருந்தபின் அடுத்த வார்டுக்குப் போகலாம்.

## 11. அளப்பதும் புதுப்பிப்பதும்

மூன்று வகை அளவு போதும்: செயல் நடந்த விகிதம், நோயாளிக்கு வந்த விளைவு, எதிர்பாராத பக்கத்தில் ஏதும் கெட்டதா என்பது. மூன்றாவதை மறக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கை விரைந்து தொடங்கும் திட்டத்தில், தேவையில்லாதவர்களுக்கும் போகிறதா என்று எண்ண வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு மாதம், முடிந்தபின் ஒரு மாதம் என்று இரண்டு தூண் வரைந்து ஒப்பிடுவது ஏமாற்றும். பருவமும் ஆள்மாற்றமும் அதே வித்தியாசத்தைத் தரக்கூடும். வாரவாரியாகப் புள்ளி வைத்து இடைநிலைக் கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ, ஐந்து புள்ளிகள் தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். கோடு போடும் முன் பத்துப் புள்ளிகளாவது இருப்பது நல்லது.

செயல் விகிதம் ஏறியும் விளைவு அசையவில்லையென்றால் மூன்றைச் சோதிக்கவும்: குறி மட்டும் போடப்படுகிறதா, அடிப்படை ஆபத்து நினைத்ததைவிடக் குறைவா, ஒன்பதாம் படியில் பட்டியலிட்ட துணை வசதியில் ஏதாவது விடுபட்டதா.

மீளாய்வுக்கும் காலாவதி உண்டு. முடிவை மாற்றக்கூடிய புதிய தகவல் வரும்வரை ஒரு மீளாய்வின் இடைநிலை ஆயுள் ஐந்தரை ஆண்டு என்று 2007இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வேகமாக நகரும் துறைகளில் இன்னும் குறைவு. ஆகவே நெறிமுறையிலேயே அடுத்த தேடல் தேதியையும் பொறுப்பாளர் பதவியையும் எழுதிவிடுங்கள். தேடல் வரியைத் தரவுத்தளத்தில் சேமித்து மாதாந்திர மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்தால் பெரும்பாலான மாதங்களில் பத்து நிமிட வேலைதான். புதிய சோதனை வந்தால், அது நம்பக இடைவெளியைப் பரிந்துரையின் மறுபக்கம் தள்ளுமா என்று மட்டும் முதலில் பாருங்கள். தள்ளினால் குழுவைக் கூட்டி, வார்டுப் படிவம், கணினி நினைவூட்டல், பயிற்சிக் குறிப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றவும். பழைய படிவத்தின் மிச்சப் பிரதிகளை அலமாரிகளிலிருந்து ஆள் அனுப்பி எடுக்கவும்.